ரிவர்ஸ் கியரும் ஒரு கியர்தான்!



ஆண்டு மலர் என்றாலே ‘முன்னேற்றம்’ என்ற வார்த்தை இல்லாத பக்கம் இருக்காது. முன்னேறு, முன்னேறிக்கொண்டே இரு, திரும்பிப் பார்க்காதே என்று நம்மை விரட்டுகிற கட்டுரைகள் இந்த மலரிலும் நாலைந்து இருக்கும். நல்லதுதான். ஆனால் நான் பின்னால் போவதைப் பற்றி எழுதப் போகிறேன். தத்துவம் என்று பயந்துவிட வேண்டாம். ஒரு காரை ரிவர்ஸில் எடுத்து, இரண்டு கோடுகளுக்கு நடுவே, கோணாமல், இடிக்காமல், நேராக நிறுத்துவதைப் பற்றித்தான்.

“இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?” என்று மெக்கானிக்கல் நண்பர்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் ஒரு கேள்வி. கியர் பாக்ஸ் படத்தை அளவு பிசகாமல் வரையத் தெரியாதவர் நம் வகுப்பில் யாருமில்லை. ரிவர்ஸ் ஐட்லர் கியர் எதற்கு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வோம்: நடுவில் ஒரு பல்சக்கரம் கூடுதலாக வந்து சேர்ந்து சுழற்சியைத் திருப்பிவிடுகிறது என்று. சரி, அந்தக் கியரைப் போட்டு ஒரு வண்டியை வேப்பமரத்தடியில் நேராக நிறுத்து என்றால் எத்தனை பேர் சாவியை வாங்குவோம்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிவர்ஸ் எடுப்பதை எல்லாரும் கைவாகு, கைராசி, அனுபவம் என்கிறார்கள். நான் அதைக் கணக்கு என்கிறேன். கணக்கு என்றால் சொல்லித் தரலாம். சொல்லித் தர முடிந்த ஒன்றைச் சொல்லித் தராமல் ‘உனக்கு வராது’ என்று ஒருவரை ஒதுக்குவது அநியாயம்.

ஏன் பின்பக்கமாக நுழைய வேண்டும்?

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம். நவதிருப்பதியில் முதல் தலம். புரட்டாசி சனிக்கிழமை வந்துவிட்டால் கோயிலைச் சுற்றி வேனும் காருமாக நிற்கும். வருகிறவர்கள் எல்லாரும் மூக்கை நுழைத்து நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். நுழையும்போது சுகம்தான். கிளம்பும்போதுதான் கஷ்டம். வண்டியின் பின்பாதி முழுவதும் தெருவுக்கு வந்த பிறகுதான் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெருவே தெரியும். அதற்குள் சைக்கிளில் வருகிறவர், பூக்கூடையோடு வருகிற ஆச்சி, கை விட்டு ஓடிய குழந்தை, யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் இருக்கலாம்.

தீயணைப்பு நிலையத்தில் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று என்றைக்காவது கவனித்தீர்களா? எப்போதும் ரோட்டைப் பார்த்துத்தான். அவசரம் என்பது கிளம்பும்போதுதான் வரும், நிறுத்தும்போது வராது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயிலே சிக்கிக்கொண்டது. தண்ணீர் ஏறுகிற ராத்திரியில், இருட்டில், வயசானவர்களை ஏற்றிக்கொண்டு தெருவுக்குள் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டுமென்றால் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள்!

ஆகவே நிதானம் இருக்கும்போதே, பகலிலேயே, பார்த்துப் பார்த்துப் பின்பக்கமாக நுழைத்துவிட வேண்டும். கிளம்பும்போது முகத்தை முன்னால் வைத்துக் கிளம்பலாம். தேரை இழுப்பதற்கு ஊரே வரும். ஆனால் அதை நிலையில் கொண்டுவந்து நிறுத்தினால்தான் தேரோட்டம் முடிந்தது. வண்டிக்கும் அப்படித்தான்.

சட்டத்தில் இருக்கிறது, பாடத்தில் இல்லை

இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில், லைசென்ஸ் தேர்வைப் பற்றிச் சொல்லும் 15-ஆவது விதியில் இது இருக்கிறது. வண்டியைப் பின்னோக்கி ஓட்டி, வலப்பக்கமோ இடப்பக்கமோ உள்ள ஒரு குறுகலான இடத்துக்குள் கட்டுப்பாட்டோடும் ஓரளவு துல்லியத்தோடும் நுழைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அந்த விதி.

ஆனால் நடப்பது என்ன? எனக்கு இந்த வருஷம்தான் பதினெட்டு முடிந்தது. கார் பழகப் போனேன். பயிற்சிப் பள்ளியின் பெயர் எதற்கு, எங்கும் ஏறக்குறைய இதே கதைதான். மைதானத்தில் கம்பு நட்டு வைத்திருந்தார்கள். “மூணாவது கம்பு கண்ணாடி ஓரத்துல தெரியுதா? இப்போ ஒரு சுத்து ஒடி. அந்தக் கம்பு மறையுதா? இப்போ நேராக்கு.” அவ்வளவுதான் பாடம். ஏன் அங்கே ஒடிக்க வேண்டும் என்று கேட்டேன். “ஏன் எதுக்குன்னு கேக்காத தாயி, சொன்னதைச் செய்யி. டெஸ்டுல பாஸாயிருவ” என்று பதில் வந்தது.

தோழர்களே, இதை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? முக்கியமான கேள்விகள், பழைய வினாத்தாள், மனப்பாடம், பாஸ்! நாம் பரீட்சை எழுதும் அதே முறைதான் ஸ்டியரிங்கிலும். கம்பு இருக்கும் வரைக்கும் வண்டி நேராக நிற்கும். கடைத்தெருவில் கம்பு கிடையாது. கையில் லைசென்ஸ் இருக்கும், நிறுத்த மட்டும் தெரியாது.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2024-இல் போக்குவரத்துத் துறை இதைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தது. சாய்வாக நிறுத்துவது, இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஓரமாக நிறுத்துவது எல்லாம் தேர்வில் வேண்டும் என்றது. பயிற்சிப் பள்ளிகள் எதிர்த்துப் போராட்டம் நடத்தின. விவகாரம் கோர்ட் வரைக்கும் போனது. கடினமான தேர்வு யாருக்கும் பிடிக்காது என்பது நமக்குத் தெரியாதா? ஆனால் முதலில் சரியாகச் சொல்லித் தந்துவிட்டு அப்புறம் கடினமாகக் கேட்டால் யார் பயப்படப் போகிறார்கள்?

கம்பு இல்லாத கணக்கு

சரி, கணக்கு கணக்கு என்கிறாயே, எங்கே அந்தக் கணக்கு என்று கேட்பீர்கள். பைதாகரஸும் ஒரு சைனும் தெரிந்தால் போதும்.

பழைய மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். நம் அண்ணன், அக்காமார் பலர் பழகியது அதில்தான். நீளம் 3.335 மீட்டர். அகலம் 1.44 மீட்டர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.175 மீட்டர். திரும்பும் ஆரம் 4.4 மீட்டர். ஒரு கார் நிறுத்தும் இடம் தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். 2.5-இல் 1.44 போனால் மிச்சம் 1.06. நட்டநடுவில் நின்றால் ஒரு பக்கத்துக்கு 53 சென்டிமீட்டர் கிடைக்கும். உடம்பைச் சுருக்கி இறங்கலாம்.

இப்போது வண்டி 5 டிகிரி மட்டும் சாய்ந்து நிற்கிறது என்று வையுங்கள். 3.335-ஐ சைன் 5 டிகிரியால் பெருக்கினால் 29 சென்டிமீட்டர். பின்முனை சரியாக இருந்தாலும் முன்முனை 29 சென்டிமீட்டர் ஒதுங்கிவிட்டது. 53-இல் 29 போனால் 24. கதவை யார் திறப்பது? ‘நேராக’ என்ற வார்த்தைக்கு இவ்வளவு விலை இருக்கிறது.

அடுத்தது ஸ்டியரிங். முன்சக்கரங்களை ஒடித்தால் நான்கு சக்கரங்களும் ஒரே புள்ளியைச் சுற்றுகின்றன. அந்தப் புள்ளி எப்போதும் பின் அச்சை நீட்டினால் வரும் கோட்டிலேயே இருக்கும். ஆட்டோமொபைல் புத்தகத்தில் ஆக்கர்மன் ஸ்டியரிங் என்று படிக்கிறோமே, அது இதுதான். (இதில் ஒரு வேடிக்கை. 1818-இல் லண்டனில் காப்புரிமை வாங்கிய ஆக்கர்மனின் பெயர்தான் நிலைத்தது. கண்டுபிடித்தவரோ மியூனிக் நகரத்தில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த லாங்கன்ஸ்பெர்கர். செய்தவன் பெயர் மறைந்து, எழுதிக்கொடுத்தவன் பெயர் நிற்பது எல்லா ஊரிலும் நடக்கும் போல!)

ஆகவே ரிவர்ஸ் எடுக்கும்போது முன்மூக்கை நினைக்கக் கூடாது. பின் அச்சைத்தான் நினைக்க வேண்டும். அது எங்கே போகிறதோ அங்கேதான் வண்டி போகும். மாருதியில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் பின் அச்சின் நடுப்புள்ளி என்ன ஆரத்தில் சுற்றும்? 4.4-இன் வர்க்கத்திலிருந்து 2.175-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள்: 3.82. இது வெளிப்பக்கத்துப் பின்சக்கரத்துக்கு. இரண்டு பின்சக்கரங்களின் இடைவெளியில் பாதி, அதாவது 60 சென்டிமீட்டரைக் கழித்தால் ஏறக்குறைய 3.2 மீட்டர்.

விடை கிடைத்துவிட்டது! நிறுத்தப் போகும் இடத்தின் நடுக்கோட்டைப் பின் அச்சு 3.2 மீட்டர் தாண்டும் வரை முன்னால் போக வேண்டும். வரிசையில் நிற்கும் வண்டிகளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இடம் இருக்கும் பக்கமாக ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ஆஃப் கிளட்சில் பைய ஊர்ந்து வந்தால், கால் வட்டம் முடியும்போது வண்டி நடுக்கோட்டில் நேராக இருக்கும். அந்த இடத்தில் ஸ்டியரிங்கை நேராக்கி உள்ளே தள்ள வேண்டியதுதான். அந்த நேரத்தில் முன்மூக்கு எதிர்ப்பக்கம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வெளியே வீசும். அங்கே ஆள் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். கழுத்தையும் திருப்ப வேண்டும்.

வேறு கார் என்றால் 3.2 என்ற எண் மாறும், வழி மாறாது. கம்பை மனப்பாடம் செய்தவருக்கு ஒரு மைதானம்தான் தெரியும். கணக்கைப் புரிந்தவருக்கு எந்த ஊரும் மைதானம்தான்.

இன்னொன்று. வண்டி கோணலாக வந்துவிட்டால் உள்ளேயே நின்று ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டக் கூடாது. முன்னால் போய், நேராக்கி, மறுபடி எடுக்க வேண்டும். அதில் வெட்கம் எதற்கு? அரியர் எழுதிப் பாஸான அண்ணன்மார்களைக் கேளுங்கள், ரியரும் அரியரும் ஒன்றுதான் என்பார்கள்!

“புதுக் காரில்தான் சென்சார் பீப் பீப் என்று கத்துதே, கணக்கு எதுக்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான். 2019 ஜூலை முதல் நம் நாட்டில் புதிய கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் பின்பக்கக் கேமரா கட்டாயம். அந்தச் சட்டம் எப்படி வந்தது தெரியுமா? பெற்ற அப்பாவே வீட்டு வாசலில் பின்னால் எடுத்த வண்டியில் அடிபட்டு இறந்த இரண்டு வயதுக் குழந்தையின் பெயரில்தான் 2008-இல் அந்தச் சட்டமே இயற்றப்பட்டது. ஆண்டுக்கு 200 பேருக்கு மேல் அங்கே இப்படி இறந்துகொண்டிருந்தார்கள் என்று அந்த அரசே கணக்குச் சொன்னது. கருவி வேண்டும்தான். ஆனால் சென்சார் ‘எவ்வளவு தூரம்’ என்று சொல்லும். ‘எவ்வளவு ஒடிக்க’ என்று சொல்லாது. அதோடு, நம் தெருவில் ஓடும் பழைய வண்டிகளுக்குச் சென்சார் ஏது?

கையில் இருக்கும் படிப்பு

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். தாத்தா மாட்டுவண்டி ஓட்டினார். சந்துக்குள் வண்டியைப் பின்னால் கொண்டுபோக வேண்டுமென்றால் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, நாலு பேர் சேர்ந்து தள்ளுவார்களாம். அப்பா ஐந்தாவதோடு நின்றவர். கிளீனராகப் போய், லாரியின் பின்னால் நின்று “வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடி... போதும்!” என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டி, அதன்பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டவர். முதலில் உப்பு லாரி, இப்போது தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர்.

டிரெய்லர் என்பது காருக்கு நேர்மாறு. கார் எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ அந்தப் பக்கம் பின்னால் போகும். டிரெய்லரில் நடுவே ஒரு மூட்டு இருக்கிறது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் வலப்பக்கம் போகும். கொஞ்சம் கூடிப் போனால் பேனாக்கத்தி மாதிரி மடங்கிவிடும். 40 அடிக் கன்டெய்னரோடு, மேடைக்கு நேராக, இரண்டு பக்கமும் வேறு வண்டிகள் நிற்க, அதை நிறுத்த வேண்டும்.

1989-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டெரிக் நுயென், பெர்னார்ட் விட்ரோ என்ற இருவர் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். கணினிக்குள் ஒரு பொம்மை டிரெய்லரை ஓடவிட்டு, ஆயிரக்கணக்கான தடவை பின்னெடுக்க வைத்து, சரக்கு மேடைக்கு நேராக நிறுத்த அதைத் தானாகவே கற்றுக்கொள்ளச் செய்தார்கள். இன்று செயற்கை நுண்ணறிவு என்று உலகமே பேசுகிறதே, அதன் ஆரம்பகாலப் பரிசோதனைகளில் அது பேர்பெற்ற ஒன்று. அத்தனை பெரிய பல்கலைக்கழகம் ‘இது கஷ்டமான கணக்கு’ என்று எடுத்துக்கொண்டதைத்தான் நம் துறைமுகத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தவர்கள் தினமும் செய்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள்!

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் டிரெய்லரின் வட்டங்களை வரைந்து அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “இத்தன வருசமா நான் செய்யுதது இதானாம்மா?” என்றார். அப்புறம் பென்சிலை வாங்கி, “இதுல லோடு எங்க இருக்கு? வெத்து வண்டி ஒரு மாதிரி போவும், லோடு வண்டி ஒரு மாதிரி போவும். தரை சரிவா இருந்தா அது வேற. டயர்ல காத்து கொறஞ்சா அது வேற. உன் படத்துல இதெல்லாம் காணலியே” என்றார். என் புத்தகத்தில் இல்லாத நான்கு விஷயம் அவரிடம் இருந்தது. அவருக்குப் பெயர் தெரியாத ஒரு வட்டம் என்னிடம் இருந்தது.

படிப்பு என்பது வீட்டை விட்டுத் தூரமாகப் போவது என்றுதான் நம்மில் பலருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. “படிச்சிட்டா இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம்” என்று நம் அப்பாமார்களே சொல்வார்கள். அவர்கள் பட்ட கஷ்டம் அப்படிச் சொல்ல வைக்கிறது. ஆனால் அந்தத் தொழிலுக்குள் இருக்கும் அறிவையும் சேர்த்தே ‘வேண்டாம்’ என்று தள்ளிவிட்டால் நஷ்டம் யாருக்கு? இந்தக் கல்லூரியில் படிக்கும் பலருடைய வீடுகளில் இப்படி ஒரு பேராசிரியர் கைலி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நாம் ஒரு கேள்வி கூடக் கேட்டதில்லை.

“பொம்பளப் பிள்ளைக்கு வராது”

கார் பழகப் போன இடத்தில் நான் அதிகம் கேட்ட வசனம் இது. “முன்னால ஓட்டிருவீங்க, ரிவர்ஸ்தான் வராது.” ஏன் வராது? பின் அச்சுக்கு ஆண், பெண் தெரியுமா? சைன் 5 டிகிரி எனக்கு மட்டும் வேறு விடை தருமா? கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி 1993-இல் அரசுப் பேருந்து ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்தார். ஆசியாவிலேயே முதல் பெண் பேருந்து ஓட்டுநர் என்று பத்திரிகைகள் எழுதின. பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் வண்டியைப் பின்னால் எடுக்காமலா அவர் பணி ஓய்வு வரைக்கும் ஓட்டினார்?

‘கைவாகு’ என்று சொல்லும்போது அது பிறவியிலேயே சிலருக்கு வாய்த்தது என்று ஆகிவிடுகிறது. அப்போது வாய்க்காதவர்கள் என்று சிலரை ஒதுக்குவதும் சுலபமாகிவிடுகிறது. ‘கணக்கு’ என்று சொல்லிவிட்டால் யாரையும் ஒதுக்க முடியாது. கணக்கும் பழக்கமும் சேர்ந்தால் எல்லாருக்கும் வரும். அதனால்தான் இந்த வார்த்தைக்காக இவ்வளவு சண்டை போடுகிறேன்.

கேட்பது மூன்றே மூன்று

மாணவர் பேரவைக்கும் துறைத் தலைவர்களுக்கும் பணிவோடு மூன்று கோரிக்கைகள்.

ஒன்று: பட்டறைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் 2.5-க்கு 5 மீட்டரில் இரண்டு கட்டம் சுண்ணாம்பில் போட்டுத் தாருங்கள். செலவு ஒரு வாளிச் சுண்ணாம்பு. கம்பு வேண்டவே வேண்டாம். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க, எல்.எல்.ஆர். எடுத்த மாணவ மாணவியர் முறைபோட்டுப் பழகட்டும்.

இரண்டு: ஸ்டியரிங் பாடம் நடக்கும் வாரத்தில் ஒருநாள் துறைமுகத்து டிரெய்லர் ஓட்டுநர் ஒருவரை விருந்தினராக அழையுங்கள். மேடையில் நாற்காலி போடுங்கள், பொன்னாடை இருந்தால் போர்த்துங்கள். அவர் பேசட்டும், நாம் குறிப்பெடுப்போம். நாம் படம் வரைவோம், அவர் திருத்தட்டும்.

மூன்று: இந்தக் கல்லூரிக்கு வரும் கார்கள், ஆசிரியர்களுடையது உட்பட, ரோட்டைப் பார்த்தே நிற்க வேண்டும் என்று ஒரு பலகை வையுங்கள். ஒரு மாதம் போனால் யாரும் சொல்லாமலே பழகிவிடும்.

நாளைக்கு நம்மில் சிலர் கார்த் தொழிற்சாலைக்குப் போவோம், சிலர் துறைமுகத்துக்குப் போவோம், சிலர் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைப்போம். எங்கே போனாலும் இரண்டு வகை மனிதர்களைப் பார்ப்போம்: காகிதத்தில் தெரிந்தவர்கள், கையில் தெரிந்தவர்கள். டிப்ளமோ படித்தவருக்குத்தான் இரண்டு பக்கமும் பேசத் தெரிய வேண்டும். நம் படிப்பின் பெருமையே அந்த நடு இடத்தில்தான் இருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து.

அடுத்த தடவை யாராவது வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சும்மா கடந்து போகாதீர்கள் தோழர்களே. இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள். பின்னால் குழந்தை எதுவும் ஓடுகிறதா என்று பாருங்கள். பின் அச்சு எங்கே போகிறது என்று பாருங்கள். இறங்கி வருகிறவரிடம், “அண்ணாச்சி, எங்க வச்சு ஒடிச்சீங்க?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். நிச்சயம் சொல்லித் தருவார்.

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவி,
ஸ்ரீவைகுண்டம்